போனுக்குள் இடித்த இடி

"முதல்ல இடி போன்லதான் கேட்டது மேடம். வானத்துல அதுக்கப்புறம்தான் இடிச்சது."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இதைச் சொல்லிவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிற மனிதர், தன் காதை நம்பலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு துப்பறியும் நிறுவனத்தின் படியேறி வந்திருந்தார்.

"வானத்துக்கு நெட்வொர்க் கொஞ்சம் ஸ்லோவா இருந்திருக்கும் சார்," என்றான் டிக்கெட்.

துபாஷி திரும்பி அவனைப் பார்த்தார். அவ்வளவுதான். டிக்கெட் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து, உலகத்திலேயே அதுதான் முக்கியமான வேலை என்பது போல அதற்குள் பின் நிரப்ப ஆரம்பித்தான்.

இந்தப் பெயர்கள் வந்த கதையை இங்கேயே சொல்லிவிடலாம். துபாஷி பல வருஷம் ஒரு விசா அலுவலகத்தில், கேள்வி கேட்கிற அதிகாரிக்கும் பதில் சொல்கிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர். எத்தனையோ பொய்களைச் சேதாரம் இல்லாமல் இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அம்மாளுக்கு, ஒரு பொய் எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று அத்துப்படி ஆகிவிட்டது. வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். டிக்கெட் ஒரு டிராவல் ஏஜென்சியில் குப்பை கொட்டியவன். தேனிலவுக்குக் கிளம்பிய ஜோடியில் மாப்பிள்ளையை ஒரு ஊருக்கும் பெண்ணை இன்னொரு ஊருக்கும் டிக்கெட் போட்டு அனுப்பி வைத்த மகானுபாவன் அவன். வேலை போயிற்று, பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

"நிதானமா சொல்லுங்க. வெளிநாட்டுல படிக்கற தங்கச்சின்னீங்களே, எப்ப கிளம்பினா?" என்றார் துபாஷி.

"ஏழு மாசம் ஆச்சு மேடம். மேல்படிப்புக்கு. பனி கொட்டுற தேசம். அப்பா அம்மா போனப்புறம் நான்தான் அவளைப் படிக்க வெச்சேன். வீட்டை அடமானம் வெச்சு ஃபீஸ் கட்டினேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வீடியோ கால் பண்ணுவா. காலேஜ் பத்தி, ரூம் பத்தி எல்லாம் சொல்லுவா. போன வாரம் பேசிக்கிட்டிருக்கும்போது இங்க மழை கட்டிக்கிட்டு நின்னுச்சு. திடீர்னு போன்ல ஒரு இடி. 'அங்கயும் மழையா?'ன்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள அதே இடி எங்க வீட்டு ஜன்னல் வழியா வந்தது. அதே இடி மேடம். அதே மாதிரி உருண்டு, அதே மாதிரி அடங்கிச்சு. அவ உடனே கட் பண்ணிட்டா."

டிக்கெட்டின் கையில் ஸ்டேப்ளர் அப்படியே நின்றது. கிண்டல் செய்ய அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"மேகம் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தது?" என்று கேட்டார் துபாஷி.

"மார்க்கெட் பக்கத்துலேர்ந்து."

"தங்கச்சிக்கு விசா, ரூம் எல்லாம் ஏற்பாடு பண்ணின கன்சல்டன்சி எந்தப் பக்கம்?"

கடைக்காரர் கண்ணாடி துடைப்பதை நிறுத்திவிட்டார். அது போதுமான பதிலாக இருந்தது.

"அப்படி எப்படி மேடம்?" என்றார். "ஏர்போர்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போனேன். கண்ணாடிக் கதவுக்குள்ள போற வரைக்கும் கையாட்டிக்கிட்டே நின்னேன்."

"உள்ள போறவங்களைத்தான் எல்லாரும் நின்னு பார்ப்பாங்க சார்," என்றான் டிக்கெட். இந்தத் தடவை கிண்டல் இல்லை, தொழில் பேசியது. "வெளிய வர்ற வாசல் கீழ இருக்கும். கேன்சல் பண்ணினா பணம் திரும்பி வர்ற டிக்கெட் ஒண்ணு போட்டா உள்ள விட்டுடுவாங்க. ஒரு காபி குடிச்சிட்டு, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டு, கீழ்வாசல் வழியா வந்துடலாம். நீங்க மேல அழுதுக்கிட்டு நின்னிருப்பீங்க."

"நம்பர் வெளிநாட்டு நம்பராச்சே தம்பி!"

"ஆப் வழியா பேசினா எந்த நாட்டு நம்பர் வேணும்னாலும் காட்டலாம் சார். சந்திரன்லேர்ந்து கூப்பிடுற மாதிரி கூட."

துபாஷி கை நீட்டினார். "அவ பேசினது ஏதாவது போன்ல இருக்கா?"

கடைக்காரர் கொஞ்சம் வெட்கப்பட்டார். தங்கைக்குத் தெரியாமல் அவள் அழைப்புகளைப் பதிவு செய்து வைத்திருந்தார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போட்டுப் பார்ப்பாராம். திரையில் ஒரு மெலிந்த பெண், கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு சிரித்தாள். பின்னால் வெள்ளைச் செங்கல் சுவர். மூலையில் ஒரு சின்ன ஹீட்டர்.

துபாஷி படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கினார். பெண்ணை அல்ல, ஹீட்டரை. பிறகு, "அந்தக் கன்சல்டன்சி கொடுத்த புத்தகம் எதுவும் இருக்கா?" என்றார்.

கடைக்காரரின் பையில் எல்லாமே இருந்தது. பளபளவென்ற விளம்பரப் புத்தகம். அட்டையில் வேறொரு மாணவி, வேறொரு தேசத்தில், நீலச் சுவருக்கு முன்னால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். துபாஷி இரண்டையும் அருகருகே வைத்தார்.

"டிக்கெட், என்ன தெரியுது?"

டிக்கெட் குனிந்து பார்த்தான். அட்டைப் படத்தின் ஓரத்திலும் ஒரு ஹீட்டர். இரண்டின் ஒயரும் சுருட்டப்பட்டு, முடியில் போடுகிற சிவப்பு ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது. அதே முடிச்சு.

"ஒரே ஹீட்டர் ரெண்டு தேசத்துல வேலை பார்க்குது மேடம். நமக்குத்தான் ஒரு விசாவுக்கு வழியில்லை."

"வேலை பார்க்கலைடா. ஒயரைச் சுருட்டிக் கட்டி வெச்சிருக்காங்க. பனி கொட்டுற ஊர்ல, குளிர்காலத்துல, ஹீட்டரை அழகுக்கு வெச்சிருக்காங்க."

கடைக்காரர் எழுந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. போலீசுக்குப் போகலாம் என்றார், இப்போதே போகலாம் என்றார்.

"போகலாம். ஆனா இடியைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாது. நாம எழுதிக் கொடுத்துட்டு வர்றதுக்குள்ள அந்த ரூமைக் காலி பண்ணிடுவாங்க, உங்க தங்கச்சியோட சேர்த்து. அப்புறம் எங்கன்னு தேடுவீங்க?" துபாஷி அவரை உட்காரச் சொன்னார். "கடைசியா ஒண்ணு கேக்கறேன். முதல் தடவை அந்தக் கன்சல்டன்சிக்குப் போனப்ப உங்க தங்கச்சியை என்னென்ன கேட்டாங்க? வழக்கமில்லாத கேள்வி எதாவது?"

கடைக்காரர் யோசித்தார். "டைரக்டர்னு ஒருத்தர். ரொம்ப தன்மையான மனுஷன். விளையாட்டா ஒண்ணு கேட்டார். 'விசா கிடைக்கலேன்னா வீட்டுல முதல்ல யார்கிட்டம்மா சொல்லுவே?'ன்னார். இவ, 'செத்தாலும் அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன் சார்'னு சொன்னா. எல்லாரும் சிரிச்சோம். எனக்கு அன்னிக்குப் பெருமையா கூட இருந்தது மேடம்."

துபாஷி சிரிக்கவில்லை. கிளம்புவதற்கு முன் கடைக்காரர் சொன்ன கடைசிச் செய்தி இதுதான்: அடுத்த வருஷ ஃபீஸுக்காக, இன்று சாயந்தரம் கடையை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார். போன வாரம் தங்கை கேட்டது அதைத்தான். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இடி இடித்தது. ஆனாலும் அவள் வாயால் உண்மையைக் கேட்கும்வரை கடை விற்பதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

கன்சல்டன்சி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான கட்டிடத்தின் முதல் மாடியில் இருந்தது. கீழே ஜெராக்ஸ் கடை. படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக மின்சார மீட்டர் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் எந்த மாடி என்று பெயின்டில் எழுதியிருந்தது. இரண்டாவது மாடிக்குப் பெயர்ப்பலகையே கிடையாது.

துபாஷி ஜெராக்ஸ் கடையில் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். டிக்கெட் மாணவனாக மேலே போனான்.

"இந்த மூஞ்சிக்கு மேல்படிப்புன்னா நம்புவாங்களா மேடம்?"

"கல்யாணம் ஆகாதவன்னு சொல்லு. அதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

காலையிலிருந்து டிக்கெட் ஒரு படிப்பின் பெயரை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். சப்ளை செயின் மேனேஜ்மென்ட். ஏன் அந்தப் படிப்பு, எதிர்காலத்தில் என்ன திட்டம் என்று யாராவது கேட்டால் அடித்து விளாசத் தயாராக இருந்தான். கடைசிவரை ஒருத்தரும் கேட்கவில்லை. அவனுக்கு முதலில் மனசு நொந்தது. பிறகுதான் பயம் வந்தது.

காத்திருக்கும் இடத்துக்கும் டைரக்டர் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டுமே இருந்தது. உள்ளே ஒரு பையன் பேசுவது நன்றாகக் கேட்டது. நல்ல மதிப்பெண். அப்பா பெரிய ஒப்பந்தக்காரராம். பணத்துக்குக் குறைவில்லை. டைரக்டரின் குரல் மெதுவாக, குழைந்து வந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. ஒரு பேச்சுக்கு, விசா கிடைக்கலேன்னு வைங்க. வீட்டுல முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க?"

"அப்பாகிட்டதான் சார். ரெண்டு நாள் காட்டுக் கத்து கத்துவாரு. அப்புறம் அவரே வேற வழி பார்ப்பாரு."

உள்ளே ஏதோ ஃபைலை மூடுகிற சத்தம். "இந்த சீசன் ஃபுல் ஆயிடுச்சு தம்பி. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

கைநிறையப் பணம் வைத்திருந்தவனை மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டார்கள். டிக்கெட் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இந்தக் கடையில் பணத்தை எடை போடவில்லை, வேறு எதையோ எடை போடுகிறார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் முறை வந்தது. டைரக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். வழுக்கை, வெள்ளைச் சட்டை, எப்போதும் பாதியில் நிற்கிற ஒரு சிரிப்பு. வீட்டில் யார் யார் என்று கேட்டார். அம்மா மட்டும் என்றான். சொந்த வீடா? ஆமாம் சார், அது ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் சொல்லியாகிவிட்டதா, வெளிநாடு போகப்போகிற விஷயத்தை?

"அம்மா மைக் செட் மட்டும்தான் கட்டலை சார். மத்தபடி எல்லாருக்கும் தெரியும்."

டைரக்டர் ரசித்துத் தலையாட்டினார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. அதே வார்த்தைகள், அதே குழைவு. டிக்கெட் தலையைக் குனிந்துகொண்டான்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

டைரக்டரின் சிரிப்பு முழுசாக மலர்ந்தது. அதற்கப்புறம் எல்லாமே சுலபம். வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய பணம் குறைகிறதா? நாங்கள் போட்டுக் காட்டுகிறோம், ஒரு கையெழுத்துப் போதும். தங்குவதற்கு இடமா? நம்ம பசங்க தங்குகிற ரூம் இருக்கிறது, முன்பணம் இங்கேயே கட்டிவிடலாம். விசா நேர்காணலுக்கு என்ன பேச வேண்டும் என்று நாங்களே சொல்லித் தருகிறோம். நீங்கள் வந்து நின்றால் போதும் தம்பி. டிக்கெட் நடிக்கத்தான் வந்தான் என்றாலும், ஒரு நிமிஷம் அவனுக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. அந்தக் குரலில் அப்படி ஒரு அணைப்பு இருந்தது.

"நம்ம சீனியர் ஒருத்தங்ககிட்ட நீங்களே பேசிப் பாருங்க. செலவு, ரூம், பார்ட் டைம் வேலை எல்லாம் கேட்டுக்குங்க. அங்கிருந்து லைவ்." டைரக்டர் ஒரு டேப்லெட்டை அவன் முன்னால் சாய்த்து வைத்தார். பிறகு போன் அடிக்க, பக்கத்து அறைக்குப் போனார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் குரல் இன்னொரு குடும்பத்துக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தது.

திரையில் கடைக்காரரின் தங்கை வந்தாள். வெள்ளைச் செங்கல் சுவர். கழுத்துவரை கம்பளிச் சட்டை. நெற்றியோரம் வியர்வை.

"ஹாய்! இங்க ரூம் வாடகையை ரெண்டு பேர் பிரிச்சுக்கிட்டா ரொம்ப கம்மியாதான் ஆகும். வாரத்துல இவ்வளவு நேரம்தான் வேலை செய்யலாம்னு விசாவுல ஒரு கணக்கு உண்டு, அதுக்குள்ள செஞ்சாலே சாப்பாட்டுச் செலவு வந்துடும். முதல் ரெண்டு மாசம் மட்டும் கையில கொஞ்சம்..."

அவள் பேசவில்லை, ஒப்பித்தாள். எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே சிரித்தாள். டிக்கெட், பேசி வைத்தபடி, மேஜைக்கு அடியில் துபாஷிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தான்.

சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரை இருண்டது.

டிக்கெட்டின் தலைக்கு மேல் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடல் கடந்து பனி கொட்டுகிற தேசத்தில் மட்டும் கரன்ட் போயிருந்தது. துபாஷி பிடுங்கியது இரண்டாவது மாடியின் ஃபியூஸை. அவன் மெதுவாக அண்ணாந்து கூரையைப் பார்த்தான். தலைக்கு நேர் மேலே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அதே சத்தம் டேப்லெட்டிலும் கேட்டது.

இருட்டுக்குள் அவள் முகம் போன் வெளிச்சத்தில் மட்டும் தெரிந்தது. சிரிப்பு போய்விட்டிருந்தது.

"டைரக்டர் சார் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டாள். குரலே மாறியிருந்தது.

"இல்லை. பக்கத்து ரூம்ல."

"பணம் கட்டிடாதீங்க. கையெழுத்து எதுவும் போடாதீங்க. ஓடிடுங்க."

"நான் கண்ணாடிக் கடையிலேர்ந்து வரேம்மா," என்றான் டிக்கெட்.

அவள் கண்கள் அகன்றன. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

பாத்ரூம் எங்கே என்று வரவேற்பில் கேட்டுவிட்டு டிக்கெட் படிக்கட்டுக்கு நழுவினான். துபாஷி ஏற்கெனவே மேலேறிக்கொண்டிருந்தார். கையில் போன். ஏற்கெனவே விலாசம் சொல்லி வைத்திருந்த இன்ஸ்பெக்டர் ஒருவருக்கு அவர் அனுப்பிய செய்தியில் இரண்டே சொற்கள் இருந்தன: இப்போது வாருங்கள்.

"மின்சாரத்துறைக்குத் தெரிஞ்சா நம்மளைத்தான் மேடம் முதல்ல உள்ள போடுவாங்க."

"உனக்கு மூணு வேளை சாப்பாடு நிச்சயம். நட."

இரண்டாவது மாடியில் ஒரே ஒரு கதவு. டிக்கெட் பெரிய பூட்டை எதிர்பார்த்தான். உடைப்பதற்குத் தோளைக்கூடத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். ஆனால் வெளியே பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. தள்ளிப் பார்த்தான். கதவு உள்ளேயிருந்து தாழிடப்பட்டிருந்தது.

அவன் துபாஷியைப் பார்த்தான். அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதானே வந்தோம்? அடைத்து வைத்தவர்கள் எங்கே? தாழ்ப்பாள் கைதிகளின் பக்கத்தில் இருந்தது. இதைவிட ஒரு பெரிய பூட்டே தொங்கியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"இதுக்குத்தாண்டா அந்தக் கேள்வி," என்றார் துபாஷி தணிந்த குரலில். "வீட்டுல சொல்லுவேன்னு சொல்றவனை இங்க வெச்சுக்க முடியாது. சொல்ல மாட்டேன்னு சொல்றவங்களுக்குப் பூட்டே தேவையில்லை."

அவர் கதவைத் தட்டினார். "அம்மா, நாங்க உங்க அண்ணன் அனுப்பின ஆளுங்க."

"போயிடுங்க," என்றது உள்ளேயிருந்து. "உங்க காலைப் பிடிக்கறேன். நான் இங்க இல்லைன்னு சொல்லிடுங்க."

"ஜன்னலைத் திறந்து வெச்சது நீதானே? இடி போன்ல கேக்கணும்னு?"

உள்ளே அழுகை வெடித்தது. "கடையை விக்கச் சொல்லுன்னு எழுதிக் கொடுத்தாங்க. படிச்சுக்கிட்டே இருந்தேன், முடியலை. மேகம் மூடினதைப் பார்த்துட்டுத் திறந்தேன். அப்புறம் பயந்து மூடிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "கிளம்பறதுக்கு முதல் நாள்தான் விசா இல்லைன்னு சொன்னார். அப்பீல் பண்ணிடலாம், ரெண்டு வாரம்தான், அதுவரைக்கும் அண்ணனை நோகடிக்காதேன்னார். ஏர்போர்ட்டுக்குப் போ, கையாட்டிட்டு வான்னார். ரெண்டு வாரம் ரெண்டு மாசம் ஆச்சு. சீனியரா பேசுன்னார். பேசினேன். இப்ப எத்தனை குடும்பத்துகிட்டப் பொய் சொல்லியிருக்கேன் தெரியுமா? போலீஸ் வந்தா முதல்ல உன்னைத்தான் பிடிக்கும்னார். அண்ணனுக்குத் தெரிஞ்சா அவர் உயிரோட இருக்க மாட்டார்."

டிக்கெட்டின் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற கிண்டல் எதுவும் இப்போது உதவிக்கு வரவில்லை. வாயில் எப்போதும் தயாராக இருக்கிற கிண்டல் எதுவும் இப்போது உதவிக்கு வரவில்லை. கீழே செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ முதல் மாடியிலிருந்து கீழே இறங்கிப் போனார்கள். மீட்டர் பெட்டிக்குத்தான்.

துபாஷி கதவில் வாயை வைத்துப் பேசினார். "உங்க அண்ணன்கிட்ட நீ சொல்லாததாலதான் இன்னிக்குச் சாயந்தரம் கடையை எழுதிக் கொடுக்கப் போறார். உன்னைப் படிக்க வெச்ச கடை. நீ வாயைத் திறக்கலைன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல அதுவும் இருக்காது. அவருக்கு எது தாங்காதுன்னு நீ முடிவு பண்ணாதே. அவரையே கேளு."

உள்ளே காலடிச் சத்தம் கதவை நெருங்கியது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

உள்ளே ஜன்னல்களுக்குக் கெட்டித் துணி போட்டு மூடியிருந்தார்கள். டிக்கெட் தன் போன் விளக்கை அடித்தான். அந்த ஒரே அறையில் நான்கு சுவர்கள், நான்கு தேசங்கள். ஒன்று வெள்ளைச் செங்கல். ஒன்று நீலம். ஒன்றில் பனி படிந்த மரங்கள் தெரிகிற ஜன்னல், காகிதத்தில் அச்சடித்து ஒட்டியது. ஒன்றில் புத்தக அலமாரி, அதுவும் காகிதம். ஒவ்வொரு சுவரின் முன்னாலும் ஒரு நாற்காலி. கதவைத் திறந்த தங்கையோடு சேர்த்து இரண்டு பெண்கள், இரண்டு இளைஞர்கள். எல்லோர் மேலும் கம்பளி, எல்லோர் முகத்திலும் வியர்வை. விளம்பர அட்டையில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவள் நீலச் சுவரின் முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹீட்டர் நடுவில் அநாதையாகக் கிடந்தது, யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் தள்ளி வைப்பதற்கு வசதியாக.

கடைக்காரரின் தங்கை போனை எடுத்தாள். இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது முறை அழைப்பு போயிற்று.

"என்னம்மா இந்த நேரத்துல? அங்க நடுராத்திரி ஆச்சே?" அண்ணனின் குரல் வேண்டுமென்றே ஒன்றும் தெரியாதது போல வந்தது. தங்கை எப்படிச் சொல்வாளோ அப்படியே சொல்லட்டும் என்று அவர் வழிவிட்டு நிற்பது டிக்கெட்டுக்குப் புரிந்தது.

அவள் போனை மெதுவாகத் திருப்பினாள். போனை மெதுவாகத் திருப்பினாள். வெள்ளைச் செங்கல். பிறகு அதன் ஓரம், காகிதம் உரிந்து சிமென்ட் தெரிகிற இடம். பிறகு பனி மரங்கள், நீலச் சுவர், புத்தக அலமாரி, நடுவில் ஹீட்டர். ஒரு சுற்று முழுசாகக் காட்டிவிட்டுப் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, நான் போகவே இல்லைண்ணா."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மனிதர் விழுந்துவிட்டாரோ என்று டிக்கெட் பயந்தான்.

"மார்க்கெட்டுக்குப் பின்னாலதானே?" என்றார் அண்ணன், குரல் உடைந்து. "அங்கேயே இரு. வண்டியை எடுத்துட்டேன். கட் பண்ணிடாதே."

நீலச் சுவர்ப் பெண் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் தன் போனை எடுத்தாள். அவளைப் பார்த்து ஒருவன், அவனைப் பார்த்து இன்னொருவன். இருட்டில் ஒவ்வொரு முகமாக வெளிச்சம் பெற்றது. மத்தியானத் தூக்கக் கலக்கத்தோடு ஒரு அப்பா வந்தார். ஒரு அம்மா, "அங்க தூங்கற நேரமாச்சேடா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பதறினாள்.

சட்டென்று எல்லா விளக்குகளும் எரிந்தன. கீழே யாரோ ஃபியூஸைப் போட்டுவிட்டார்கள். செருப்புச் சத்தம் படியேறியது. அவசரமே இல்லாத, ஒரே சீரான நடை. முதல் மாடியில் நிற்கவில்லை. மேலே வந்தது.

நால்வரும் பழக்கத்தில் அவரவர் நாற்காலிக்குத் திரும்பப் போனார்கள். ஒருவன் கம்பளியைச் சரிசெய்துகொண்டான். அத்தனை நாள் பயம் அவ்வளவு சீக்கிரம் விடாது. கடைக்காரரின் தங்கைதான் முதலில் நின்றாள். தன் வெள்ளைச் சுவரின் முன்னால் உட்காராமல், கதவுக்கு நேராக வந்து நின்று, போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணா, பார்த்துக்கிட்டே இரு."

மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். நான்கு போன்கள் கதவைப் பார்த்துத் திரும்பின. துபாஷி டிக்கெட்டின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். டிக்கெட் மூச்சைப் பிடித்துக்கொண்டான். தோளை இப்போதும் தயாராகத்தான் வைத்திருந்தான்.

கதவு திறந்தது.

"என்னம்மா, கரன்ட் போயிடுச்சுன்னு பயந்துட்டீங்களா?" டைரக்டர் அந்தப் பாதிச் சிரிப்போடு உள்ளே ஒரு அடி வைத்தார். போன்களைப் பார்த்தார். போன்களுக்குள் இருந்த முகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகத்தையும் அவருக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் அவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே, மூச்சு வாங்கிக்கொண்டு, கடைக்காரரின் குரல் வந்தது.

"டைரக்டர் சார், அங்க இப்ப மணி என்ன சார்?"

டைரக்டர் வாயைத் திறந்தார். பார்வை மட்டும் தன் கைக்கடிகாரத்துக்குப் போயிற்று. நான்கு வீட்டாரும் காத்திருந்தார்கள்.